எல்லார் தட்டிலும் கன்வர்ட்டரா?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. கடைசிப் பதிவு போட்டது போன தீபாவளிக்கு. நடுவில் மார்ச் முப்பத்தொண்ணு, ஆடிட், கிளையில் ஆள் பற்றாக்குறை என்று ஒரே ஆணி. நாக்பூர் வெயில் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம், அது இன்னொரு நாள்.

இன்றைக்கு ஒரு சண்டையைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். எங்கள் வாட்ஸப் குழுவில் மூன்று வாரமாக நடக்கிறது. அங்கே நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இது என் சொந்த இடம். முழுசா சொல்லிவிடுகிறேன்.

விஷயம் மைன்கிராஃப்ட். சிரிக்காதீங்க.

லக்னோவில் ஒரே குடியிருப்பில் இருந்த ஆறு தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். வங்கி, காப்பீடு, ரயில்வே என்று எல்லாமே டிரான்ஸ்ஃபர் ஜாதகம். இப்போது நாக்பூர், போபால், குவஹாத்தி, விசாகப்பட்டினம் என்று ஆளுக்கொரு திசை. 2020 ஊரடங்கில் பசங்க எல்லாரும் சேர்ந்து விளையாட ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான். தமிழில் சத்தமாகச் சண்டை போட்டுக்கொள்ள அவர்களுக்கு இருக்கிற ஒரே இடம் அது. வாடகையை ஆறாகப் பிரிப்பது, வசூலிப்பது, கணக்கு வைப்பது எல்லாம் நான். பி.காம். படித்தவன் தலையில்தான் எந்த ஊரிலும் கணக்கு நோட்டு விழும்.

கணக்குப்பிள்ளை என்பதால் தீர்ப்பு சொல்லும் வேலையும் என்னிடமே வந்துவிட்டது.

விளையாட்டு தெரியாத அம்மா அப்பாக்களுக்காக நாலு வரி. (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்.) மைன்கிராஃப்ட் என்பது கட்டம் கட்டமான கற்களை அடுக்கி வீடு, ஊர் கட்டும் விளையாட்டு. மொஜாங் என்ற ஸ்வீடன் கம்பெனியுடையது. 2014-இல் அதை 250 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இதில் மாட் என்றால் விளையாட்டில் நாமே சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல். பல மாட்களை ஒன்றாகக் கட்டி, எல்லாருக்கும் ஒரே மாதிரி வருகிற மூட்டையாக்கினால் அது மாட்பேக். ரிசோர்ஸ் பேக் வேறு. அது கல், மரம், கதவு, தரை இதெல்லாம் பார்க்க எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் படங்களின் தொகுப்பு. மாட்பேக் சமையல் என்றால் ரிசோர்ஸ் பேக் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற வேலை.

பசங்க இத்தனை வருஷம் 1.12.2 பதிப்பில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போது 1.21.1-க்குப் போகவேண்டும் என்று ஒருமனதாக முடிவு. மாட்பேக்கைப் புதிதாகக் கட்டுகிற பொறுப்பு என் சின்னவனுக்கு. வயது பதினாலு. பழைய ரிசோர்ஸ் பேக்குகள் புதிய பதிப்பில் சரியாக வேலை செய்யாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: பழைய பேக்கைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் கன்வர்ட்டர். அதை ஒரு மாட்-ஆக மூட்டைக்குள்ளேயே போட்டுவிட்டால், யார் எந்தப் பழைய பேக்கைக் கொண்டுவந்து போட்டாலும் அதுவே மாற்றிக்கொள்ளும். (ஜாவாவிலிருந்து பெட்ராக்குக்கு மாற்றும் கன்வர்ட்டர்களும் உண்டு. அது வேறு கதை.)

'போட்டுடலாம் அங்கிள், வேலை மிச்சம்' என்றது பசங்க கட்சி. விசாகப்பட்டினம் நண்பர் கணினித் துறையிலிருந்து வந்தவர். அவரும் அதே கட்சி. 'இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?' என்றார்.

யோசிக்க இருக்கிறது சார். என் தீர்ப்பு: கன்வர்ட்டர் மூட்டைக்குள் வரக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

*

முதலில் பழைய பேக் ஏன் வேலை செய்வதில்லை என்று பார்ப்போம். நானும் இதை மூன்று வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். வகுப்பெடுத்தவன் சின்னவன்.

1.12 வரைக்கும் இந்த விளையாட்டில் கற்களுக்கு நம்பர்தான் அடையாளம். கம்பளிக்கு 35. சிவப்புக் கம்பளி வேண்டுமென்றால் 35-க்குப் பக்கத்தில் 14. நம் லெட்ஜர் ஃபோலியோ நம்பர் மாதிரி. 2018 ஜூலையில் 1.13 வந்தபோது நம்பரையெல்லாம் தூக்கிவிட்டு ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்தார்கள். கூடவே படங்களின் ஃபைல் பெயர்களும் மாறின. 'பிளாக்ஸ்' என்ற ஃபோல்டர் 'பிளாக்' ஆனது. 'பிளாங்ஸ் ஓக்' என்று இருந்தது 'ஓக் பிளாங்ஸ்' ஆனது. இந்த அளவு என்றால் பரவாயில்லை. பெயர் மாற்றம், கெஜட்டில் போட்டமாதிரி. பழைய பெயருக்கு எதிரே புதுப் பெயர் எழுதிய ஒரு பட்டியல் இருந்தால் கன்வர்ட்டர் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடும்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. 2019 ஏப்ரலில் வந்த 1.14-இல், அதுவரை ஒரே தாளில் இருந்த சுவர் ஓவியங்களை வெட்டித் தனித்தனி ஃபைலாக்கினார்கள். அதே வருஷம் டிசம்பரில் 1.15: பெரிய இரட்டைப் பெட்டியின் படம் இடது, வலது என்று இரண்டாக உடைந்தது. 2022 டிசம்பரில் 1.19.3: வழக்கமான ஃபோல்டருக்கு வெளியே இருக்கிற படங்களைத் தனியாகப் பதிவு செய்தால்தான் செல்லும் என்று விதி. 2023 செப்டம்பரில் 1.20.2: பட்டன், இதயக்குறி எல்லாம் இருந்த பெரிய தாள்கள் துண்டு துண்டாயின.

இதெல்லாம் பெயர் மாற்றம் இல்லை. பாகப்பிரிவினை. எந்தத் துண்டு எங்கே போகவேண்டும் என்று ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கவேண்டிய வேலை.

இன்னொரு சுவாரசியம். ஒவ்வொரு பேக்கிலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று ஒரு எண் இருக்கும். 1.12-க்கு 3. 1.21.1-க்கு 34. பொருந்தாத எண் இருந்தால் விளையாட்டு சிவப்புப் பின்னணியில் எச்சரிக்கும். அந்த 3-ஐ அழித்துவிட்டு 34 என்று எழுதினால் எச்சரிக்கை போய்விடும். உள்ளே ஒன்றும் மாறியிருக்காது! வவுச்சரில் தேதியை மட்டும் திருத்திவிட்டு ஆடிட்டர் முன்னால் நீட்டுகிற மாதிரி. இருபது வருஷ சர்வீஸில் அப்படி நீட்டிய கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

*

இனி என் வீட்டு விஷயம். இது இல்லையென்றால் நானும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போயிருப்பேன்.

கொசுவர்த்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2018 மே மாத லீவில் பெரியவள் (அப்போது பதின்மூன்று வயது) கும்பகோணம் பக்கத்தில் என் அம்மா வீட்டில் இருந்தாள். ஒரு பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து, பதினாறுக்குப் பதினாறு புள்ளிக் கட்டங்களில், அந்த வீட்டையே ஒரு ரிசோர்ஸ் பேக்காக வரைந்தாள். விளையாட்டில் சிவப்புச் சுட்டமண் கல் ஒன்று உண்டு. அது எங்கள் கூடத்து ரெட் ஆக்சைடு தரை ஆனது. 2017-இல் வந்த பளபளப்பு ஓடு ஒன்று உண்டு. நாலு ஓட்டைத் திருப்பித் திருப்பி வைத்தால் நடுவில் ஒரு முழு வடிவம் சேரும். அதில் கோலத்தின் கால்பங்கை வரைந்தாள். நாலு வைத்தால் வாசலில் முழுக்கோலம். இரட்டைப் பெட்டி அம்மாவின் மரப்பெட்டி ஆனது, பித்தளைக் குமிழோடு.

சுவர் ஓவியம் ஒன்றில் அம்மாவையே வரைந்தாள். இந்த விளையாட்டின் பழைய ஓவியங்கள் பெரும்பாலும் கிறிஸ்டோஃபர் ஸெட்டர்ஸ்ட்ராண்ட் என்ற ஸ்வீடன் ஓவியருடையவை. பழைய பதிப்பில் அந்த ஒற்றைத் தாளுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். அதில் 'வாண்டரர்' என்று ஒரு சின்ன ஓவியம், பதினாறு புள்ளி அகலம், முப்பத்திரண்டு புள்ளி உயரம். அதன் இடத்தில் நெற்றியில் பொட்டும் மூக்குத்தியுமாக எங்கம்மா. மொத்தம் 512 புள்ளி. பார்த்தால் உங்களுக்கு ஒரு வண்ணக்கறை மாதிரி இருக்கும். எங்களுக்கு யாரென்று தெரியும்.

2021-இல் அம்மா போய்விட்டாள். வீட்டை விற்றோம். வாங்கினவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிட்டார். அவர் காசு, அவர் உரிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்வரில் மட்டும் அந்த வீடு இருக்கிறது. பசங்க எல்லாரும் அதைப் 'பாட்டி வீடு' என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் கூடுகிற இடமே அதன் திண்ணைதான்.

இப்போது கதைக்கு வருவோம். நான் தீர்ப்பு சொல்வதற்கு முன் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றேன். சின்னவன் மாட்பேக்கின் ஒரு நகலில் கன்வர்ட்டரைச் சேர்த்து, அக்காவின் பேக்கைப் போட்டு ஓட்டினான். ஒரு எச்சரிக்கை இல்லை. ஒரு பிழைச்செய்தி இல்லை. தரை சிவப்பாக வந்தது. கோலம் அழகாகச் சேர்ந்தது. 'பர்ஃபெக்ட்டா இருக்குப்பா' என்றான். நானும் பார்த்தேன், தலையாட்டினேன். தங்கமணியும் காபியோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி ஹாஸ்டலிலிருந்து பெரியவள் வீடியோவில் வந்தாள். தம்பி வீட்டைச் சுற்றிக் காட்டினான். கூடத்துக்குள் நுழைந்து இரண்டு விநாடி இருக்காது.

"டேய், பாட்டி எங்கடா?"

சுவரில் வேறு படம். விளையாட்டோடு வருகிற அசல் ஓவியம். மரப்பெட்டியும் அசல் பெட்டி. இரண்டும் எப்போது மாறியது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. நாங்கள்தான் பார்த்துவிட்டு 'பர்ஃபெக்ட்' என்று சொன்னவர்கள்.

ஏன் தெரியவில்லை என்பதுதான் முக்கியம். ரிசோர்ஸ் பேக்கில் ஒரு படம் கிடைக்காவிட்டால் விளையாட்டு சத்தம் போடாது. சத்தமில்லாமல் அசல் படத்தை எடுத்துப் போட்டுவிடும். ஊதாவும் கறுப்புமாக ஒரு கட்டம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது எங்குமே படம் கிடைக்காதபோது மட்டும் வருவது. இங்கே அசல் படம் எப்போதும் கையில் இருப்பதால், மாற்றம் பாதியில் நின்றாலும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். தப்பு நடந்தது எந்தக் கணக்கிலும் ஏறாது.

*

வங்கியில் இருப்பவர்களுக்கு மேக்கர்-செக்கர் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஒருத்தர் பதிவு போட்டால் இன்னொருத்தர் பார்த்து அங்கீகரிக்கவேண்டும். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பத்து பொதுத்துறை வங்கிகள் நான்காகச் சேர்ந்தன. கணக்குகளை ஒரு கணினி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவர்கள் என்ன செய்வார்கள்? மாற்றும் நிரல் இருக்கும். அதை ஒரு நாள் குறித்து ஓட்டுவார்கள். முன்னால் மொத்தம் எவ்வளவு, பின்னால் மொத்தம் எவ்வளவு என்று ஒத்துப்பார்ப்பார்கள். ஒத்துவராததைக் கையால் பார்ப்பார்கள். அப்புறம் அந்த நிரலை எடுத்துத் தூர வைத்துவிடுவார்கள். தினமும் காலையில் கிளை திறக்கும்போது கணக்குகளை முதலிலிருந்து மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். பழைய காசோலை கொஞ்ச காலம் செல்லும், ஒரு தேதிக்கு அப்புறம் செல்லாது. அந்தத் தேதி இருப்பதால்தான் ஜனங்கள் வந்து புதுப் புத்தகம் வாங்கிக்கொள்கிறார்கள்.

மூட்டைக்குள் இருக்கிற கன்வர்ட்டரில் மேக்கர் உண்டு, செக்கர் கிடையாது. கெடுவும் கிடையாது.

நம்மை மாதிரி வெளிமாநிலத்தில் குப்பை கொட்டுகிற குடும்பங்களுக்கு இன்னொரு உதாரணம் சொன்னால் உடனே புரியும். உங்கள் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு இனிஷியல், அவர்களுக்கு சர்நேம். நாம் ஒரு விண்ணப்பம் கொடுத்தால், எங்கேயோ ஒரு நிரல் நம் பெயரை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று 'மாற்றி' வைத்துக்கொள்கிறது. ஒன்றில் அப்பா பெயர் சர்நேம் ஆகிவிடும். ஒன்றில் என் பெயரே சர்நேம் ஆகிவிடும். ஒன்றில் கடைசிப் பெயர் வெறும் 'கே'. அந்த நேரத்தில் எந்தப் பிழைச்செய்தியும் வராது. பத்து வருஷம் கழித்து, பெரியவளின் கல்லூரிச் சேர்க்கையில், நாலு அட்டையில் நாலு பெயரோடு நான் ஒரு கவுன்ட்டர் முன்னால் நின்றேன். இவர்தான் அவர், அவர்தான் இவர் என்று அஃபிடவிட் எழுதிக் கொடுத்தோம். மாற்றிய நிரலை யாரும் கேள்வி கேட்கவில்லை. நான்தான் நின்றேன்.

தானாக மாற்றுகிற எதுவும் தப்பு செய்யும் என்று சொல்லவில்லை. அது தப்பு செய்யும்போது யாருக்கும் தெரியாது, தெரியவரும்போது பழி வேறு யார் மேலோ விழும் என்கிறேன். பசங்க விஷயத்திலும் இதேதான். படம் கெட்டுப்போய் வந்தால் கன்வர்ட்டரைத் திட்டுவார்களா? 'அக்காவோட பேக் சரியில்ல' என்பார்கள். ஒழுங்காக வரைந்தவள் குற்றவாளி.

*

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். கேட்பீர்கள், பழைய ஆட்கள் நீங்கள். 'தமிழில் எழுதறவன் கன்வர்ட்டரைத் திட்டலாமா?'

நியாயம். நான் முதன்முதலில் பதிவு எழுத வந்தபோது திஸ்கி, டாப், டாம், பாமினி, யூனிகோடு என்று வீட்டுக்கொரு எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் இரண்டையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. யூனிகோடை அரசு ஏற்க 2010 ஆனது. நடுவில் நாம் எல்லாரும் பிழைத்தது எழுத்துரு மாற்றிகளால்தான். சுரதாவின் பொங்குதமிழ் பக்கத்தில் ஒட்டி, மாற்றி, எடுத்து ஒட்டாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் எப்படிப் பயன்படுத்தினோம் என்று நினைத்துப் பாருங்கள். எழுதினவர் ஒருமுறை மாற்றினார். மாற்றியதைப் படித்துப் பார்த்தார். பாமினியில் எழுதியதை மாற்றினால் நடுவில் இருந்த ஆங்கில வார்த்தைகளெல்லாம் புரியாத தமிழாக மாறியிருக்கும், ஏனென்றால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. எது தமிழ், எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. எழுதினவருக்குத்தான் தெரியும். அதைத் திருத்திவிட்டு அப்புறம்தான் பதிவை வெளியிட்டார். படிக்கிறவர்களுக்கு வந்து சேர்ந்தது சுத்தமான யூனிகோடு. இன்றைக்கும் அந்தப் பதிவுகளைத் திறந்தால் படிக்க முடிகிறது, மாற்றி இல்லாமலே.

பத்திரிகைகள் யூனிகோடுக்கு வராத காலத்தில் உலாவியிலேயே நீட்சி போட்டு, பக்கம் திறக்கும்போதே மாற்றிப் படித்தவர்களும் உண்டு. நானும் போட்டிருந்தேன். அது என் கணினி, என் அவசரம், தப்பு வந்தால் எனக்குத் தெரியும். எல்லார் கணினியிலும் அதை நான் கட்டாயமாக ஏற்றவில்லையே!

*

எதிர்க்கட்சியின் வாதங்களையும் ஒழுங்காகச் சொல்லிவிடவேண்டும். பதில் சொல்லாமல் ஓடினால் பின்னூட்டத்தில் கிழித்துவிடுவீர்கள்.

ஒன்று: 'விளையாட்டே பழைய உலகத்தை மாற்றித்தானே திறக்கிறது?' ஆமாம். 1.12-இல் கட்டிய ஊரை 1.21 தானே மாற்றித் திறந்துகொள்கிறது. ஆனால் அதை எழுதினது மொஜாங். பழைய வடிவமும் அவர்களுடையது, புதியதும் அவர்களுடையது. எது எதுவாக ஆகவேண்டும் என்று முடிவு செய்தவர்களே மாற்றுகிறார்கள். அப்படியும் பழைய உலகத்தைத் திறக்கும்போது 'முதலில் நகல் எடுத்துக்கொள்' என்று கேட்கிறார்கள். பேக் விஷயத்தில் அவர்களே என்ன செய்தார்கள் தெரியுமா? 1.20.2-இல் பெரிய தாள்களை உடைத்தபோது 'ஸ்லைசர்' என்று ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். பேக் வைத்திருப்பவர் வெளியே வைத்து ஒருமுறை ஓட்டி, வந்ததைப் பார்த்துக்கொள்ளவேண்டியது. விளையாட்டுக்குள் அதைச் சேர்க்கவில்லை. நான் சொல்வதும் அதைத்தான்.

இரண்டு: 'பழைய பேக் வரைந்தவர்கள் பலர் காணாமல் போய்விட்டார்கள். யார் வந்து புதுப்பிப்பது?' இது உண்மையான கஷ்டம். படிப்பு, வேலை, கல்யாணம் என்று போயிருப்பார்கள். நம் பதிவர்களில் பாதிப்பேர் போன மாதிரி. ஆனால் ஆள் இல்லாத வீட்டில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கேட்க ஆளில்லை என்பதால் எப்படி மாறினாலும் சரி என்று ஆகிவிடாது.

மூன்று, இதுதான் பலமான வாதம். விசாகப்பட்டினம் நண்பர் சொன்னது: 'பல பேக்குகளைத் திருத்தி மறுபடி வெளியிட வரைந்தவர் அனுமதி கிடையாது. மாற்றிய பேக்கை நாம் மூட்டையில் போட்டால் அது தப்பு. கன்வர்ட்டரைப் போட்டால் அவரவர் கணினியில் அவரவர் மாற்றிக்கொள்வார்கள், யாருடைய படைப்பையும் நாம் விநியோகம் செய்யவில்லை.' இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வது சரி. அனுமதியில்லாத பேக்கை மாற்றி மூட்டையில் வைக்கக்கூடாது, வைக்கமாட்டோம். ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது? வேண்டியவர் தன் கணினியில் தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்பதை. ஆறு வீட்டு மூட்டையிலும் அது கட்டாயம் இருக்கவேண்டும் என்பதை இல்லை. ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் அவருக்குக் கஷாயம் கொடுங்கள். ஊர்ப் பந்தியில் ரசத்தில் கலக்காதீர்கள்.

நாலு: 'வேலை மிச்சம்.' யாருக்கு? இன்றைக்குச் சின்னவனுக்கு மிச்சம். விளையாட்டு அடுத்த பதிப்புக்குப் போகும்போது கன்வர்ட்டர் எழுதினவரும் புதுப்பிக்கவேண்டும். அவர் புதுப்பிக்கும்வரை மூட்டை மொத்தமும் காத்திருக்கவேண்டும், அல்லது கன்வர்ட்டரைத் தூக்கவேண்டும். தூக்கினால் அதை நம்பி உட்கார்ந்திருக்கிற எல்லாப் பேக்கும் ஒரே நாளில் படுத்துவிடும். 2024 டிசம்பரில் வந்த 1.21.4-இல் கைப்பொருள்களின் மாதிரிகளை வரையறுக்கும் முறையே மாறிவிட்டது. இப்படி வருஷத்துக்கு ஒன்று வருகிறது. இன்றைக்கு மிச்சப்படுத்துவதை நாளைக்கு வட்டியோடு கட்டவேண்டும். கடன் கொடுக்கிற உத்தியோகத்தில் இருப்பவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

*

சரி, கடைசியில் என்ன செய்தோம்?

கன்வர்ட்டரை மூட்டையிலிருந்து எடுத்தோம். ஆனால் குப்பையில் போடவில்லை. வெளியே வைத்து அக்காவின் பேக்கில் ஒருமுறை ஓட்டினோம். பெயர் மாற்றமெல்லாம் அது நன்றாகவே செய்தது. அந்த நூற்றுக்கணக்கான ஃபைலைக் கையால் மாற்றியிருந்தால் சின்னவன் வீட்டை விட்டு ஓடியிருப்பான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். பழைய பேக்கில் எத்தனை படம், புதியதில் எத்தனை, எது இடம் சேர்ந்தது, எது சேரவில்லை. ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்டேதான்! சேராமல் நின்றவை மொத்தம் பதினொன்று. மரப்பெட்டியை இடது வலதாகப் பிரித்தோம். பழைய தாளிலிருந்து அம்மாவை மட்டும் 16-க்கு 32 வெட்டியெடுத்து, 'வாண்டரர்' என்று பெயர் வைத்து, ஓவிய ஃபோல்டரில் போட்டோம். இரண்டரை மணி நேரம். நடுவில் தங்கமணி இரண்டுமுறை சாப்பிடக் கூப்பிட்டாள்.

மூட்டையில் சேர்ப்பதற்கு முன் அக்காவிடம் அனுமதி கேட்கச் சொன்னேன். 'எங்க அக்காதானேப்பா' என்றான். கேள் என்றேன். "போட்டுக்கோ. ஆனா வரைஞ்சது யாருன்னு என் பேரைப் போடு" என்று பதில் வந்தது. போட்டிருக்கிறான். அவள் மறுபடி வீடியோவில் வந்து, கூடம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, பாட்டி முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு, 'ம், சரி' என்றாள். செக்கர் கையெழுத்து அவளுடையது.

மற்ற பசங்களுக்கு இதே விதி. பழைய பேக் வேண்டுமா? வெளியே மாற்று, எண்ணிப் பார், திருத்து. உன்னுடையது என்றால் அல்லது அனுமதி இருந்தால் மூட்டைக்குக் கொண்டுவா. இல்லையென்றால் உன் கணினியில் வைத்துக்கொள், யாரும் தடுக்கவில்லை. குவஹாத்திப் பையன் முதலில் முணுமுணுத்தான். இப்போது தன் பேக்கை அவனே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறான். எது எங்கே இருக்கிறது என்று இப்போது அவனுக்குத் தெரியும். கன்வர்ட்டர் போட்டிருந்தால் தெரிந்திருக்காது.

நாம் ஊர் ஊராக மாறுகிறவர்கள். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரிலும் லாரியில் ஏற்றும்போது பட்டியல் போடுகிறோம், இறக்கும்போது டிக் அடிக்கிறோம். பேக்கர்ஸ் காரர் 'எல்லாம் வந்துடுச்சு சார்' என்று சொன்னவுடன் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்மில் யாராவது உண்டா? நான் ஒருமுறை போட்டேன். தங்கமணியின் இட்லிக் குக்கர் இன்றைக்கும் எந்த ஊரில் இருக்கிறதோ.

விசாகப்பட்டினம் நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இந்தப் பதிவைப் படிப்பார், பின்னூட்டமும் போடுவார். சார், வாங்க. மற்றவர்களும் சொல்லுங்கள். மாற்றும்போது உங்கள் வீட்டில் சத்தமில்லாமல் காணாமல் போனது எது?

டிஸ்கி: மைன்கிராஃப்ட் பற்றி என்னிடம் வேறு எதுவும் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தத் திண்ணையில் ஏறி உட்காரக்கூட எந்த பட்டன் என்று சின்னவனைத்தான் கேட்கிறேன்.